ஜன்னலோர அக்கா

ஆஸ்பத்திரியில் ஆறு படுக்கை உள்ள அறையில் சாப்பாட்டுக்கோ மருந்துக்கோ சண்டை வராது ஐயா. டிவி ரிமோட்டுக்குத்தான் வரும். எங்கள் அறையில் அது தோ மால்சுன் அக்காவின் தலையணைக்கு அடியில் இருந்தது. இடுப்பெலும்பு முறிந்து வந்தவர், வயது அறுபத்துநாலு. வாய்க்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

நான் அந்த அறையின் பராமரிப்பாளர், ஹியான் சுன்சில். ஆறு பேருக்கும் நான் ஒருத்திதான். ஜன்னலோரம் மடக்குக் கட்டிலில் படுக்கை. சீனாவின் யான்பியனிலிருந்து கொரியாவுக்கு, இந்த இன்ச்சான் ஊருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வாயைத் திறந்தால் போதும், என் பேச்சின் இழுவையைக் கேட்டு, "சீனாக்காரங்களா நீங்க?" என்பார்கள். அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு அந்தத் தொடர். துறைமுக ஊரில் ஒரு படகோட்டி செத்துக் கிடப்பான், கொன்றது யார் என்று பதினாறு வாரம் இழுப்பார்கள். மால்சுன் அக்கா பெரிய கடையொன்றில் இருபது வருஷம் திருடர்களைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவர். நடிப்பவர்களின் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை.

"கொன்னது செத்தவனோட மச்சினன் இல்லடி. சாவு சேதி வந்ததும் சூப்புக் கிண்ணத்த எங்க வைக்கிறதுன்னு தெரியாம முழிச்சான் பாரு, அவன் நெஜமாவே பதறிட்டான். அந்த மருந்துக்கடைக்காரி பாட்டில் மூடிய நல்லாத் திருகி வெச்சுட்டுத்தான் அழ ஆரம்பிச்சா. ஆனா அவளும் கொல்லல. யாரையோ காப்பாத்தறா."

மறுநாள் இதை அப்படியே டிவி நிலையத்தின் நேயர் கருத்துப் பக்கத்தில் எழுதினேன். 'ஜன்னலோரம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். எழுத்தில் இழுவை தெரியாது. பத்தாம் பகுதி வருவதற்குள் நான் எழுதியதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் பதில்கள். "ஜன்னலோர அக்கா என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுத்தான் பல்லே தேய்க்கிறேன்" என்று ஒருத்தி எழுதினாள். இந்த நாட்டில் அதுவரை என்னை அக்கா என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை.

யாரோ எழுதியதுபோல மால்சுன் அக்காவுக்கும் படித்துக் காட்டுவேன். "அட, என்னாட்டமே ஒருத்தி! இப்படி ஒரு கூட்டாளி எனக்கு வாய்க்கலியே" என்பார். அவர் மகள் தேஜான் நகரத்தில் இருந்தாள். இரண்டு மாதத்தில் இரண்டு முறை வந்தாள்.

பதினைந்தாம் பகுதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை காலை, டாக்டர் அவரை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

"யார் கொன்னதுன்னு சொல்லிட்டுப் போங்கக்கா."

"பதினஞ்ச பாக்காம சொன்னா அது குறி சொல்றது. உனக்குத்தான் ரெண்டு கண்ணு இருக்கே, பாத்துக் கண்டுபிடி."

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். வீட்டுக்குப் போனவர்கள் எவரும் பராமரிப்பாளரின் போனை எடுத்ததில்லை ஐயா. பதினோரு வருஷத்தில் ஒருவர்கூட.

பத்து மணிக்கு நடைகூடத்தில் நடைப் பயிற்சி. நான் அவரைத் தள்ளவில்லை. தாங்கியிருந்த கையை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு சுளுக்கு, இன்னும் இரண்டு சனிக்கிழமை, அதற்குமேல் நான் எதையும் விரும்பவில்லை. மறுபக்க இடுப்பும் முறிந்தது.

வெள்ளிக்கிழமை அறுவைசிகிச்சை நடந்தது. சனிக்கிழமை தலையைத் தூக்கி வைத்து டிவியைப் போட்டேன். அவர் திரையைப் பார்த்து, "இது யார் வீடு?" என்றார். தொடர் முடியும்வரை நான்கு முறை கேட்டார்.

வேறு வழியில்லாமல் நானே பார்த்து நானே எழுதினேன். மச்சினன் கண்ணில் குற்றம் தெரிகிறது என்று எழுதினேன். படித்தவர்கள் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். "இது அக்கா இல்ல. யாரோ அவங்க பேர்ல பூந்துட்டாங்க." "ஏய், எங்க அக்காவ என்னடி பண்ணே?" விளையாட்டாகத்தான் கேட்டிருப்பாள்.

கீழே விழுந்துவிட்டேன், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், மருந்து மயக்கத்தில் எழுதினேன் என்று பதில் போட்டேன். உடனே எல்லாரும் மாறிவிட்டார்கள். கஞ்சி குடிங்கக்கா, எலும்புச் சூப்பு குடிங்கக்கா, யாராவது கூட இருக்காங்களாக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கழிவறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்து அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னை விசாரித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மால்சுன் அக்காவுக்குக் காய்ச்சல் ஏறியது, நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மதியம் கொஞ்சம் தெளிந்தார்.

"சுன்சில், ஜன்னலோரம்னு எழுதுவாளே, அவளுக்கு ஒரு வரி போடு. நான் விழுந்துட்டேன்னு சொல்லு. அவ வந்து பாப்பா."

எழுதிவிட்டேன் என்றேன். நடைகூடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே வந்து அவர் கையைப் பிடித்து, இழுவை தெரியாமல் மெதுவாக, "வந்துட்டேன்க்கா" என்றேன். கண்ணைத் திறக்காமல் சிரித்தார். "நீ வருவேன்னு தெரியும்டி" என்றார். புதன்கிழமை காலையில் போய்விட்டார். மகள் பத்து மணிக்கு வந்தாள்.

நடைகூடத்துக் கேமராவில் என் முதுகு மட்டும்தான் தெரிகிறது என்று நீங்களே சொன்னீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கையை எடுத்ததை என் வாக்குமூலத்தில் எழுதும்போது இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மால்சுன் அக்கா தனியாகச் சாகவில்லை. ஆசைப்பட்ட கூட்டாளி பக்கத்தில் இருக்கும்போதுதான் செத்தார். பெற்ற மகள் செய்யாததை நான் அவருக்குச் செய்து கொடுத்தேன்.