ஆற்றுக்குப் போட்ட சம்பளம்

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் மாலைப் பேருந்தில், முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்: “ஆத்துக்கு சம்பளம் போட்டேன்க்கா. அதுலதான் வம்பு.”

கழுத்திலிருந்த அலுவலக அட்டையைக் கழற்றக்கூட அவளுக்குத் தெம்பில்லை போலிருந்தது.

“ஆத்துக்கா? பி.எஃப். உண்டாடி?”

“சிரிக்காதக்கா. கரையில நாங்க நட்ட நாணல் கீதுல்ல, அது சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ணுது. அந்த வேலைக்கு ரூவாயில ஒரு மதிப்பு காட்டுனாதான் நாணல விட்டுவைப்போம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அதே வேலைய மெஷின் செஞ்சா இன்னா செலவாகும்னு கணக்கு போட்டுக் குடுத்தேன்.”

“நல்லதுதானே?”

“ஆபீசரு அத மெஷின் வாங்கறதுக்கான கணக்குன்னு நெனச்சிக்கினாரு. டெண்டர் விட்டாச்சு.”

“அது இல்ல சார்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். கையெழுத்து ஆயிடுச்சும்மா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு.”

“மெஷின எங்க வைப்பாங்க?”

“நாணல் கீற எடத்துலதான். அத எடுத்துட்டா அங்க எடம் கீதாம்.”

பேருந்து ஆற்றுப் பாலத்தில் ஏறியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் மட்டும் ஜன்னலுக்கு வெளியே கரையோர நாணலை எட்டிப் பார்த்தாள்.

“அதோ பாருக்கா,” என்றாள். “இன்னும் வேலை செஞ்சிக்கினு கீது.”