பெட்டியைத் தொடாதீர்கள்

வைஃபை நின்றுவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான், மேடம். சுவிட்சை அணைப்பார்கள், பத்து வரை எண்ணுவார்கள், திரும்பப் போடுவார்கள். சிலர் ரவுட்டரின் தலையில் ஒரு தட்டும் தட்டுவார்கள். பழைய டிவிக்குச் செய்த வைத்தியம்.

அந்தப் பழக்கத்தை நிறுத்தியவள் நான். அதிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

விசாரணைக்காக டன்மோர் தோட்டத்தை நீங்கள் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருப்பீர்கள். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, இரண்டு சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. பதினான்கு வீடுகள் மிச்சம். போனில் சிக்னல் வேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். நான் அங்கே பிறந்தவள். அந்தத் தோட்டத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள். இதுவரைக்கும் கடைசி ஆளும் நான்தான். அதற்கு நான் பொறுப்பில்லை.

அம்மாவோடு ஈப்போ பக்கம் புந்தோங்குக்குக் குடிவந்த பிறகு, தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக்கொட்டகைக் கூரையில் ஆன்டெனா வைத்து, தூக்கிப்போட்ட ரவுட்டர்கள் ஆறைச் சரிசெய்து, ஆறு வீடுகளில் மாட்டிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு எதையும் கேட்கத் தெரியாது. துரை கொடுத்தால் வாங்குவார்கள், தோட்ட ஆபீஸ் குமாஸ்தா கிராணி கையெழுத்துப் போட்டால் நகர்வார்கள். தோட்டத்தை விற்றபோதும், யாராவது வந்து போகச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தவர்கள். ஆயுத பூஜைக்கு ஆறு ரவுட்டருக்கும் சந்தனம் அப்பி, காற்றுத் துளையை அடைத்து வைத்தார்கள். நன்றி சொன்னார்களாம்.

ஹரிஷாந்தைப் பற்றிக் கேட்டீர்கள். பெட்டாலிங் ஜெயாவில் சின்னக் கம்பெனி. ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளை, ஃபர்ம்வேர் என்போம், புதிதாக எழுதி விற்கப் பார்க்கிறான். நான் அங்கே ஒப்பந்த வேலையில் இருந்தேன். அவன் தாத்தா எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிராணியாக இருந்தவர் என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். தமிழ் பேசினால் அந்தத் தாத்தாவின் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவான்.

"டெஸ்ட் ஆபீஸில ஓடுறது கணக்கில்ல தினேஸ்வரி. ஆக்கள் இருக்கிற வீடு வேணும். எழுபத்திரண்டு மணித்தியாலம், நிப்பாட்டாம."

"ஆறு வீடு இருக்கு பாஸ்," என்றேன்.

"ஓடத் தொடங்கினாப் பிறகு என்னைக் கேக்காம ஒண்டையும் தொடக்கூடாது. விளங்குதோ? இது முடிஞ்சா உம்மை நிரந்தரமாக்கிறன்."

அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியுமா என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தெரிந்திருந்தாலும் தலையை ஆட்டியிருப்பார்கள்.

சோதனைப் பதிப்பில் ஒரு வசதி வைத்திருந்தேன். மின்சாரம் ஒருமுறை நின்று வந்தால் ரவுட்டர் தானாகப் பழைய மென்பொருளுக்குத் திரும்பிவிடும். பாதுகாப்புக்கு. என் திரையிலிருந்தும் எந்த ரவுட்டரையும் அப்படித் திருப்பலாம். ஆனால் இவர்கள் ஆளுக்கொரு தடவை சுவிட்சைத் தட்டினால் எழுபத்திரண்டு மணி நேரம் எங்கே ஓடும்? அதனால் வியாழக்கிழமை நேரில் போய் ஆறு வீட்டிலும் சொன்னேன். லைன் கொஞ்சம் பிசகும், என்ன ஆனாலும் பெட்டியைத் தொடாதீர்கள்.

நான்காம் எண் ரவுட்டர் பத்துமலை அண்ணன் வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"சாமியக்கூடத் தொட்டுக் கும்பிடலாம்லா, ஒன் பொட்டியத் தொடக்கூடாதாக்கும்?" என்றார் அவர்.

"கெட்டுப் போயிரும் அண்ணே."

"யே நவமணி, கேட்டுக்க. சாமிய வேணா தொட்டுக்க, இதத் தொட்டா படிச்ச புள்ள வந்து கைய முறிக்கும்."

"நான் எங்க தொடப் போறேன். நீங்கதான் போற வர தட்டிக்கிட்டே இருப்பீங்க," என்றாள் அவர் மனைவி நவமணி. எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். தித்திப்பு தாங்காது, பாதியை வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு கல்யாணம். தோட்டமே வேன், கார், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றிலும் ஏறிப் போய்விட்டது. அம்மாவும் போயிருந்தார். இரண்டு மணிக்கு மண்டபத்திலிருந்து போன் செய்தார்.

"பத்துமல அண்ணன் வரலடி. காலையிலேருந்து நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்காம். நவமணியும் கூட இருந்துருச்சு."

சரி என்றேன்.

மூன்று பதினைந்துக்கு, புந்தோங் வீட்டில் என் திரையில், நான்காம் எண் ரவுட்டரில் ஒரு போன் இணைந்து, ஐந்து விநாடியில் அறுந்தது. திரும்ப இணைந்தது, அறுந்தது. புதிய பதிப்பு பழைய மாடல் போன்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. நல்ல கண்டுபிடிப்பு, ஆபீஸில் இது வந்திருக்காது. எந்தப் போன் யாருடையது என்று பட்டியலில் நானே பெயர் எழுதி வைத்திருந்தேன். நவமணி.

ஐந்து விநாடியில் வாட்ஸ்அப் அழைப்பு மணிகூட அடிக்காது. அவள் யாரை அழைக்கிறாள் என்று திரையில் தெரியாது, ஆனால் தெரிய வேண்டியதில்லை. அவள் தம்பி யுகேந்திரன் சுங்கை சிப்புட்டில் வேன் ஓட்டுகிறான். இருபது நிமிஷத்தில் வந்துவிடுவான். அவன் எண் என் போனிலும் இருந்தது. அழைத்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். அதற்கு என்ன பதில் சொல்வது?

நான் சும்மா இருக்கவில்லை, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று இருபத்திரண்டுக்கு ஹரிஷாந்துக்குச் செய்தி அனுப்பினேன். 'பாஸ், நான்காம் எண்ணில் பழைய போன் அறுந்துகொண்டே இருக்கிறது. நிறுத்தலாமா?' அவன் பார்க்கவில்லை. அப்போது சோதனை முடிய நான்கு மணி நேரம் பாக்கி.

முப்பத்தொரு தடவை முயன்றிருக்கிறாள். நான்கு மணி இரண்டு நிமிஷத்துக்குப் பிறகு முயற்சி இல்லை. 'சிக்கல் தானாக நின்றது' என்று அறிக்கையில் எழுதினேன். அப்போதுதான் அவள் மெயின் ரோட்டை நோக்கி ஓடத் தொடங்கியிருக்கிறாள். வழியில் ஒரு செம்பனை லாரிக்காரன் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது அண்ணன் நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார்.

முதலில் நீங்கள் என்னிடம் கேட்டது, இன்டர்நெட் ஏன் நின்றது என்று. நிற்கவில்லை. அந்த நேரம் முழுவதும் ஆறு ரவுட்டரும் நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. போன மாதம் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

சாவுக்குப் போயிருந்தேன். நவமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அந்தப் பொட்டியத் தொடவே இல்ல தினேஸு. அவரு, அணைச்சுப் போட்டுப் பாருடி, அணைச்சுப் போட்டுப் பாருடின்னு கெஞ்சினாரு. தங்கச்சி தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்குன்னு நான் தொடலம்மா."

இதைத்தான் சொல்கிறேன், மேடம். ஒரு சுவிட்ச். புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான், ஒரு சுவிட்சை அணைத்துப் போட்டால் பழைய மென்பொருள் வந்துவிடும், போன் வேலை செய்யும். வழக்கமாகச் செய்கிற காரியம்தான். யாரோ தொடாதே என்று சொன்னதற்காக முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாளா ஒருத்தி? மேலே இருக்கிறவன் சொன்னால் சொன்னதுதான் என்று நிற்கிற அந்தப் புத்தியை இந்த ஜென்மத்தில் என்னால் மன்னிக்க முடியாது. அதிலிருந்து தப்பிக்கத்தான் நான் படித்தேன்.

பத்துமலை அண்ணனை நான்தான் கொன்றேன் என்று யுகேந்திரன் சொல்கிறான். சொல்லட்டும். எனக்குத் தெரிந்திருந்தது, நிறுத்தவில்லை. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பக்கத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஹரிஷாந்தின் பதில் ஆறு பத்துக்கு வந்தது. பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப் போயிருந்தானாம். 'ஓகே, நாலாம் நம்பரை மட்டும் மாத்தும், மற்றது ஓடட்டும்.' சரி பாஸ் என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் கை வைத்தேன்.