நட்சத்திரம் எங்க போச்சு?

சும்மா சிரிக்காதீங்க டீச்சர். போர்வையில தையல் கோணலா இருக்கா? அத மொதல்ல சொல்லுங்க.

இருக்காது. முப்பத்தஞ்சு வருசம் லேத்துல நின்னவன் நான். ஓரம் கால் அங்குலம்னா கால் அங்குலம்தான். மேல துணி, நடுவுல பஞ்சு, அடியில துணி, மூணையும் சேத்து ஓட்டியாச்சு. வேற என்ன குறை கண்டீங்க?

நட்சத்திரம் இல்லையா? என்னம்மா பேசுறீங்க, நடுவுலதான இருக்கு. நல்லாப் பாருங்க.

சரி, சொல்றேன். குறுக்கப் பேசாதீங்க. பேத்தி பொறந்திருக்கா. அவளுக்கு ஒட்டுப் போர்வை தைக்கணும்னு என் வீட்டுக்காரி துணி வெட்டுனா. உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான். பச்சை நடுவுல சிவப்பு நட்சத்திரம். அறுபத்துநாலு துண்டு. அதுக்குள்ள கண்ணு ஆபரேசன். ஒரு கண்ணுல கட்டு, இன்னொண்ணு மங்கல். நாளைக்குக் கட்டு அவுக்குறாங்க. அவுத்ததும் மொதல்ல இதத்தான் காட்டணும்னு நானே உக்காந்துட்டேன். மெசின் சத்தம் வந்ததும் என்னன்னு கேட்டா. எண்ணெய் போடுறேன்னேன். பதினோரு நாளாப் போடுறேன்.

சிவப்பு வரிசையில பச்சையா? உங்க ரூம் வெளிச்சம் அப்படி. வாசல்ல வச்சுப் பாருங்க.

அங்கயுமா?

கதவச் சாத்துங்க. சொன்னா வெளிய போகக் கூடாது. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். பொறவியே அப்படி. அவளுக்குத் தெரியாது. எதக் கட்டிக்கிட்டு வந்து நின்னாலும் நல்லாருக்குன்னு சொல்லியே நாப்பது வருசத்த ஓட்டிட்டேன். நாளைக்கு இந்தப் போர்வையப் பாத்தா குட்டு வெளிப்பட்டுரும்.

அடையாளமா? வச்சாளே. ஒவ்வொரு துண்டு மூலையிலயும் நூல் முடிச்சு. சிலதுல ஒத்தை, சிலதுல ரெட்டை. பாவம், கண்ணு மங்கலாச்சே, தடவிப் பாக்க வச்சிருப்பா. ஆபரேசனுக்குப் போறப்ப, முடிச்சப் பாத்து அடுக்கி வைங்கன்னு சொன்னா. நான் பிசிறு எதுக்குன்னு அத்தனையும் கத்தரிச்சுட்டேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? என் காலர்லயா? ஆமா, உள்பக்கம் முடிச்சு இருக்கும். எல்லாச் சட்டையிலயும் இருக்கும். சலவைக் கடை அடையாளம்.

எந்தக் கடையா? எந்தக் கடையும் இல்ல. வீட்டுலதான் தொவைக்கிறா.

...இருங்க. இந்தச் சட்டை என்ன கலரு?

பச்சையா. எத்தன முடிச்சு, எண்ணுங்க.

ரெட்டை.

கல்யாணமான வருசம் தச்ச சட்டையிலயும் இருந்துச்சும்மா. அப்ப அவளுக்குக் கண்ணு கழுகுக் கண்ணு. அட கல்லுளிமங்கி! ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா என்னைய?

பிரிக்காதீங்க. கத்தரிய வைங்க கீழ. நட்சத்திரம் போனாப் போவுது. அந்த ஊசி நூல எடுங்க. பச்சைக்கு ரெட்டை, சிவப்புக்கு ஒத்தை. அறுபத்துநாலுலயும் போட்டு எடுத்துட்டுப் போறேன். தடவுனா, எனக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு புரிஞ்சுக்குவா.

ம். மொதத் துண்டு. சீக்கிரம் சொல்லுங்க. ஒத்தையா, ரெட்டையா?