நாளைக்கு வரும்

— "ருமாறோ கமிங்" எண்டு ஏன் கதிர்காமு அண்ணை சொன்னனீங்கள்? இங்கிலீசுச் சோதினையிலை அந்த வெள்ளைக்காரி கேட்டது, உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ எண்டெல்லோ!

— அது எனக்குப் பேந்துதான் விளங்கினது ரீச்சர். கொழும்பிலையிருந்து திரும்பி வரேக்கை, பஸ் வவுனியா தாண்டினாப் பிறகு.

— அம்பத்தேழு வயது மனிசன், பிள்ளை நாளைக்கு வரும் எண்டால் அவ என்ன நினைச்சிருப்பா?

— "கொங்கிராஜுலேசன்ஸ்" எண்டா. நான் பாஸ் ஆக்கும் எண்டு எழும்பிக் கைகுடுத்திட்டு வெளியிலை வந்திட்டன்.

— எழும்பி வந்திட்டியளோ? இன்னும் நாலு கேள்வி கிடந்திருக்குமே!

— ஓமாம். வாசல்லை நிண்ட பெட்டை பின்னாலை ஓடி வந்தவள். நான் கொழும்புக் கள்ளர் ஆக்கும் எண்டு இன்னும் கெதியா நடந்தனான். சிரியுங்கோ ரீச்சர், அடக்காதேங்கோ. மீன்பிடிக்கிற சில்வெஸ்ரருக்குச் சொல்ல அவன் வள்ளத்திலையிருந்து விழப் பாத்தவன்.

— சரி, பகிடி காணும். வாற செவ்வாய்க்கிழமை ரெண்டாம் தரம். நான் பள்ளிக்கூடம் விட்டு, கரம்பொன் பஸ்ஸையும் விட்டிட்டு, உங்கடை கடையிலை வந்து குந்தியிருக்கிறன். இந்தச் சோதினை பாஸ் பண்ணினால்தான் லண்டன் விசாவுக்குப் போடலாம். அன்னபூரணம் அக்கா அங்கை தனிய. நீங்கள் இஞ்சை ஜெற்றியடியிலை தனிய. கலியாணம் எழுதி எவ்வளவு காலம்?

— ரெண்டு வருசம்.

— அதிலை ஒண்டாய் இருந்தது?

— இருபத்திமூண்டு நாள். அதிலையும் ரெண்டு நாள் அவவுக்குக் காய்ச்சல்.

— அப்ப? இந்த முறையும் தவறினால் அக்கா மனம் விட்டிடமாட்டாவோ?

— அந்தப் பயத்திலைதான் ரீச்சர் இந்த முப்பது மறுமொழியையும் பாடமாக்கினனான். இஞ்சை பாருங்கோ, யாழ்ப்பாணத்திலை ஒரு ரியூசன் சேர் தந்த நோட்ஸ். "மை ஹொபி இஸ் சுவிமிங்." "மை டோக்ஸ் நேம் இஸ் ரொமி."

— உங்களிட்டை நாய் இருக்கோ?

— பூனை ஒண்டு இடைக்கிடை வந்து போகும்.

— நாய் இருக்கோ, இல்லையோ?

— பாக்கலாம். ஆரும் குட்டி தந்தால் எடுக்கலாம்.

— பாத்தியளோ! "இல்லை" எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உங்களுக்கு வாய் வருகுதில்லை. நீந்தவாவது தெரியுமோ?

— தீவான் எண்டால் நீந்தத் தெரியும்தானே எண்டு சேர் தன்ரை பாட்டிலை எழுதினவர். எனக்கு முழங்காலுக்கு மேலை தண்ணி எண்டால் நெஞ்சு இடிக்கும்.

— அந்தத் தாளை இஞ்சை தாங்கோ.

— ஐயோ! கிழிச்சுப் போட்டியளே!

— மிளகாய்த்தூள் சுத்த உதவும். அண்ணை, உந்தச் சோதினையிலை அவை இலக்கணம் பாக்கிறேல்லை. கேட்டது விளங்கிச்சோ, அதுக்கேத்த மறுமொழி வந்துதோ, அவ்வளவுதான். ரெண்டு சொல்லிலை சொன்னாலும் மார்க்ஸ் விழும். பாடமாக்கிக்கொண்டு போறவையை அவை கண்ட உடனை பிடிச்சிடுவினம். ஒரு மாசத்துக்குள்ளை பன்னிரண்டு பேர் வந்து தங்கடை நாய்க்குப் பேர் ரொமி எண்டால் ஆர் நம்புவினம்?

— அப்ப அதுவும் கடை மாதிரித்தான். வந்தவன் கேட்டதைக் கையிலை குடுத்தால் சரி.

— அதைத்தான் நானும் சொல்லுறன்! நீங்கள் சிங்களம் என்னெண்டு படிச்சனீங்கள்?

— படிக்கிறதோ? பதின்மூண்டு வயதிலை பெரியப்பா மாத்தறைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். முதல் கிழமை பருப்பு, சீனி, மண்ணெண்ணை. அடுத்த கிழமை விலை. மூண்டாம் கிழமை ஒரு மனிசி நிறுவை குறைவெண்டு என்னைச் சிங்களத்திலை பேசினவ, நானும் சிங்களத்திலை திருப்பிப் பேசினனான். பெரியப்பா சீனி மூட்டையிலை இருந்து சிரிச்சுப்போட்டு, "இனி உனக்குப் படிப்பு முடிஞ்சுது" எண்டார். எண்பத்திமூண்டிலை கடை எரிஞ்சு போச்சு. சிங்களம் மட்டும் என்னோடை வந்திட்டுது.

— பிறகென்ன? இண்டையிலையிருந்து இதுதான் வகுப்பு. கொப்பியும் வேண்டாம், பேனையும் வேண்டாம். நான் வெள்ளைக்காரி, சாமான் வாங்க வந்திருக்கிறன். நீங்கள் விக்கிறியள். குட் ஈவினிங்!

— குட் ஈவினிங் மேடம்! கம், கம், சிற் டவுண். ரூ மச் ஹொட். சோடா?

— நோ, தாங்க் யூ. டூ யூ ஹாவ் சோப்?

— யெஸ் மேடம்! ரெட் சோப், கிறீன் சோப். கிறீன் வெறி குட். மை வைஃப் லைக் கிறீன்.

— இது ஆர் கதைக்கிறது? சோதினையிலை விறைச்சுப்போய் இருந்த மனிசனோ? மனிசியையும் இழுத்து வியாபாரம் நடக்குது!

— முன்னுக்கு ஒரு ஆள் நிண்டால் வாய் தானா வரும் ரீச்சர். வெறும் மேசைக்கு முன்னாலை இருத்தினால்தான் வராது.

— உங்களுக்கு விளங்காட்டில் என்ன செய்வியள்?

— தலையாட்டுவன்.

— அங்கைதான் மார்க்ஸ் போறது. விளங்காட்டில் "அகெய்ன் பிளீஸ்" எண்டு கேளுங்கோ. திருப்பிச் சொல்லுவினம். அதுக்கு ஒரு மார்க்ஸும் வெட்டமாட்டினம்.

— மெய்யே? உதை ஏன் அந்தச் சேர் சொல்லேல்லை? அகெய்ன் பிளீஸ். அகெய்ன் பிளீஸ். நல்ல சொல்லாக் கிடக்கு.

— சரி, வெள்ளைக்காரி திரும்பவும் கேக்கிறாள். டூ யூ ஹாவ் ஐஸ்கிறீம்?

— ருமாறோ கமிங், மேடம்.

— அண்ணை! ஐஸ்கிறீம் வைக்கப் பெட்டியே இல்லாத கடையிலை நாளைக்கு என்னெண்டு வரும்?

— ரீச்சர், கோவிக்காதேங்கோ. பெரியப்பா எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் அது. கடைக்குள்ளை நிண்டு "இல்லை" எண்டு சொல்லப்படாது. சொன்னால் லட்சுமி வாசலோடை திரும்பிப் போடுவா. முடிஞ்சுது எண்டு சொல்லு, நாளைக்கு வரும் எண்டு சொல்லு, இல்லை எண்டு மட்டும் வாயாலை வரப்படாது. நாப்பத்தி நாலு வருசமாச் சொல்லேல்லை.

— சோதினை மண்டபம் கடையில்லையே.

— அது எனக்குத் தெரியும். வாய்க்குத் தெரியாதே. இன்னொண்டும் சொல்லுறன், அன்னத்தை எனக்குத் தந்ததே அந்தச் சொல்லுத்தான்.

— அது என்ன கதை?

— நயினாதீவுத் தேருக்கு லண்டனிலையிருந்து வந்தவ, சனத்துக்குள்ளை செருப்பைத் துலைச்சுப் போட்டா. வெறுங்காலோடை இந்தக் கடைக்கு வந்து, ஏழாம் நம்பர் செருப்பு இருக்கோ எண்டு கேட்டா. நாளைக்கு வரும் எண்டன். அடுத்த நாளும் வந்தா. நாலு நாள் வந்தவ ரீச்சர்! அஞ்சாம் நாள் வந்து, "செருப்பு வருகுதோ இல்லையோ, நீங்கள் ஏன் ஒருத்தரையும் கட்டாமல் இருக்கிறியள்?" எண்டு கேட்டா. அவவின்ரை முதல் மனிசன் செத்து அப்ப ஒன்பது வருசம்.

— அந்தச் செருப்பு?

— இன்னும் வரேல்லை.

— உங்களை என்ன செய்தால் தகும்! அங்கை பாருங்கோ, ஆரோ வருகினம்.

— ஆ, சில்வெஸ்ரர் தம்பி! வலை நூலோ? நாளைக்கு வரும்! நாளைக்கு!

— பாவம், திரும்பிப் போறார். நேற்றும் நான் சாமான் வாங்க நிக்கேக்கை வந்தவர். முந்தநாளும் வந்தனான் எண்டு சொன்னவர். அந்த நூல் எப்ப வரும்?

— கொம்பனிக்காரன் அதை நிப்பாட்டி மூண்டு மாசம்.

— ஐயோ அண்ணை! அந்த ஆள் எழுவைதீவிலையிருந்து வள்ளத்திலை வந்து போறவர்! கூப்பிடுங்கோ. கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுங்கோ. இதுதான் இண்டைக்குப் பயிற்சி.

— விளக்கு வைக்கிற நேரத்திலையோ?

— விளக்கு வைக்க இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. அவர் ஜெற்றிக்குப் போறதுக்கிடையிலை கூப்பிடுங்கோ.

— சில்வெஸ்ரர்! ஒருக்கா வாரும்! ஒண்டுமில்லை, அந்த நூல் வந்து... நூல் எண்டது... இல்லைத் தம்பி. இனி வராது.

— என்ன சொல்லிப்போட்டுப் போறார்? எனக்குக் கேக்கேல்லை.

— "முந்தநாளே சொல்லியிருந்தால் யாழ்ப்பாணத்திலை எடுத்திருப்பன் அண்ணை" எண்டுறான். பேசேல்லை ரீச்சர். ரோச் லைற்றுக்கு ரெண்டு பற்றியும் வாங்கினவன்.

— லட்சுமி திரும்பிப் போனாவோ?

— பற்றி வித்தாப் பிறகு என்னெண்டு போவா?

— அப்ப இங்கிலீசிலையும் சொல்லலாம். மளமளவெண்டு சொல்ல வேணும். டூ யூ ஹாவ் அ கார்?

— நோ.

— டூ யூ ஹாவ் அ டோக்?

— நோ. ஒன் கற். சம்ரைம்ஸ்.

— கான் யூ சுவிம்?

— நோ, நோ! வெறி பயம்!

— அச்சா! "பயம்" எண்டதுக்கு நாளைக்குச் சொல்லு தாறன். டூ யூ ஹாவ் சில்ட்றன்?

— நோ.

— என்ன, முகம் வேர்க்குது?

— நெஞ்சிலையிருந்து ஏதோ பாரம் இறக்கி வைச்ச மாதிரிக் கிடக்கு ரீச்சர். இவ்வளவு சின்னச் சொல்லு. இதைச் சொல்லாமல் எத்தினை பேரை அலைக்கழிச்சிருப்பன்!

— உங்கடை போன் அடிக்குது.

— அன்னம். அங்கை இப்ப மத்தியானம். ஒரு பள்ளிக்கூடக் குசினியிலை சமையல் வேலை, சாப்பாட்டு நேரத்திலை எடுப்பா. ஹலோ அன்னம்! ரீச்சர் நிக்கிறா, வகுப்பு நடக்குது.

— போனைச் சத்தமாப் போட்டு இந்தத் தட்டிலை வையுங்கோ. அக்கா, நான் நிலாந்தி. நல்ல நேரம் எடுத்தியள். இண்டைக்கு நீங்கள்தான் வெள்ளைக்காரி.

— நானோ தங்கச்சி? இருபத்தாறு வருசமா இஞ்சை இருக்கிறன், இன்னும் பஸ்காரனுக்குக் கையைக் காட்டித்தான் இடம் சொல்லுறது!

— அது காணும் அக்கா. இவரிட்டைக் கேள்வி கேளுங்கோ. நோட்ஸிலை இல்லாத, இவர் நினைச்சும் பாக்காத கேள்வியாக் கேளுங்கோ. பாடமாக்கின மறுமொழியை ஆரும் சொல்லுவினம். இதிலைதான் மனிசன் உண்மையா என்ன படிச்சிருக்கிறார் எண்டு தெரியும்.

— இஞ்சேருங்கோ, சாப்பிட்டியளோ?

— இங்கிலீசிலை அக்கா!

— ஓமோம். டிட் யூ ஈற் லஞ்ச்?

— யெஸ். றைஸ், பிஷ்.

— டூ யூ ஹாவ் மை செருப்பு?

— நோ.

— என்ன? தங்கச்சி, இவர் "நோ" எண்டுறார்!

— ஒண்டரை மணித்தியாலப் பாடு அக்கா. விடாதேங்கோ, இன்னும் கேளுங்கோ.

— எனக்கு வேறை என்ன கேக்கிறதெண்டு... சரி. டூ யூ வோன்ற் ரு கம் ரு லண்டன்?

— அகெய்ன் பிளீஸ்.

— டூ யூ வோன்ற் ரு கம் ரு லண்டன்?

— அண்ணை, அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ. லண்டனுக்கு வர விருப்பமோ எண்டு கேக்கிறா.

— நோ.

— ஐயோ அண்ணை! அக்கா, இவருக்குக் கேள்வி விளங்கேல்லை. பின்னேரம் முழுக்க "நோ" சொல்லி வாய் பழகிப் போச்சு...

— விளங்கிச்சு ரீச்சர். இண்டைக்குத்தான் ஒரு இங்கிலீசுக் கேள்வி எனக்கு முழுசா விளங்கினது. நோ, அன்னம். உம்மோடை இருக்க எனக்கு எவ்வளவோ விருப்பம். லண்டனிலை இருக்க விருப்பமில்லை. உம்மை வேலைக்கு அனுப்பிப்போட்டு, நான் கதவைப் பூட்டிக்கொண்டு யன்னலாலை றோட்டைப் பாக்கிறதோ? காலமையிலையிருந்து பொழுதுபடும் மட்டும் நாலு சனத்தோடை கதைக்காட்டில் நான் செத்துப் போவன். அன்னம்? ரீச்சர், லைன் அறுந்து போட்டுதோ?

— லைன் கிடக்கு. அக்கா, நிக்கிறியளோ?

— நிக்கிறன் தங்கச்சி. ஏனப்பா, கலியாணம் எழுதின அண்டைக்கே கேட்டனான், லண்டனுக்கு வருவியளோ எண்டு. அப்ப என்ன சொன்னனீங்கள்?

— "வரலாம், பாப்பம்" எண்டனான்.

— செருப்புக்குச் சொன்ன மாதிரி!

— நீர் ஆசையாக் கேட்டனீர். இல்லை எண்டால் நீரும் வாசலோடை திரும்பிப் போடுவீர் எண்டு பயந்திட்டன்.

— நான் ஆசையிலை கேக்கேல்லை. லண்டனிலை இருக்கிறவளைக் கட்டுறவர் அதுக்குத்தானே கட்டுறார் எண்டு நினைச்சுக் கேட்டனான். பிறகு நீங்கள் முப்பது மறுமொழி பாடமாக்கிறன், கொழும்புக்குப் போறன் எண்டு நிக்க, உங்களுக்கு லண்டன் எண்டால் உயிர் எண்டு நினைச்சு நானும் வாய் திறக்கேல்லை.

— நீர் என்னத்துக்கு வாய் திறக்க வேணும்?

— பொறுங்கோ, ரெண்டு பேரும் ஒருக்காப் பொறுங்கோ! அப்ப நான் செவ்வாய்க்கிழமைச் சோதினைக்கு என்ன செய்யிறது?

— அதை விடுங்கோ தங்கச்சி, மனிசன் பாஸ். நான் குசினி வேலையை விட்டு ஒரு மாசம், வாற வெள்ளிக்கிழமைக்கு ரிக்கெற்றும் எடுத்து ஒளிச்சு வைச்சிருக்கிறன், அங்கை வாறதுக்கு மட்டும்தான் எடுத்தனான், திரும்பிப் போறதுக்கு எடுக்கேல்லை. ஜெற்றியிலை வெறுங்காலோடைதான் வந்து இறங்குவன், அந்த ஏழாம் நம்பரை இனியாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கோ.