கூடை போய் நின்ற ஜன்னல்

— அது ரோடு இல்லைக்கா. என் வாசல். எத்தனை தடவை சொல்றது?

— உங்க வாசல்ல மினி பஸ் வருமா முதலாளி? வந்த பஸ் திரும்ப வழியில்லாம பின்னாடியே போச்சு, பாத்தீங்கல்ல? தெருவுக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் உங்க யார்டு. நடுவுல இருக்கறதுக்கு ஊர்ல என்ன பேரு வெச்சிருக்காங்க?

— கத்தாதீங்கக்கா. தெருவே பாக்குது.

— பாக்கட்டும். பாக்கற மாதிரிதானே பண்ணி வெச்சிருக்கீங்க. ஆளைக் கூடையில நிக்க வெச்சு மேலே தூக்குற மெஷினு, கழுத்து ஒடிஞ்ச கொக்கு மாதிரி என் பால்கனி மேல சாஞ்சு கிடக்கு. கம்பி வளைஞ்சு தொங்குது. நான் உண்டு என் வேலை உண்டுன்னு மாடியில கிடக்கறவ. எனக்கு இது தேவையா?

— அதுக்குத்தான் கெஞ்சறேன். இன்ஷூரன்ஸ்லேர்ந்து சர்வேயர் வந்துட்டே இருக்காரு. 'அந்தச் சாக்கடை மூடி வரைக்கும் யார்டுக்குச் சேர்ந்த இடம்தான், நானும் ரொம்ப வருஷமா பாக்கறேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. விஷயம் முடிஞ்சுது. க்ளெய்ம் வந்தா மெஷினும் நிமிரும், உங்க கம்பியும் நிமிரும்.

— ரோடுன்னு சொன்னா?

— தம்பிடி வராது. என் பாலிசி யார்டுக்குள்ளயும் வேலை நடக்கற இடத்துலயும்தான் செல்லும். ரோட்டுல ஓடறதுக்குத் தனியா கவர் எடுக்கணும்னு ஏஜென்ட் அப்பவே சொன்னாரு. எப்பவாவது தெருவைத் தாண்டற மெஷினுக்கு அது எதுக்குன்னு நான்தான் விட்டுட்டேன்.

— எப்பவாவதா? காலையில நான் பல்லு விளக்கும்போது வெளிய போகும், சாயங்காலம் நான் துணி மடிக்கும்போது உள்ள வரும். நடுவுல முடிவெட்டற கடை வாசல்ல கொஞ்ச நேரம் நிக்கும். அதைச் சுத்தி நாலு சிவப்புக் கூம்பு வேற.

— கூம்பு வெச்சாச்சுன்னா அது வேலையிடம்க்கா. அது எங்க தொழில் முறை.

— முடிவெட்டற கடை வாசல்ல என்ன வேலை முதலாளி? உங்க தலையைத்தான் மேலே தூக்கி வெட்டினாங்களா?

— சிரிங்க. சிரிச்சுக்கோங்க. சுருக்கமா சொல்றேன்க்கா. எனக்கும் தம்பிக்கும் இருக்கறது இந்த ஒரு மெஷின். இது இப்படியே கிடந்தா யார்டைப் பூட்டிட்டு நாங்க வேற பொழப்பு தேட வேண்டியதுதான்.

— பாவமாத்தான் இருக்கு. ஆனா நான் கண்ணால பாத்ததை மாத்திச் சொன்னேன்னு இந்தத் தெருவுல ஒருத்தர் சொல்லட்டும். மூணாம் வீட்டு டீச்சர் விஷயத்துலயே நான் மாத்தலை. அவங்க என்கிட்ட பேசறதை நிறுத்தினாங்க, அப்பவும் மாத்தலை.

— மன்னிக்கணும். லிஃப்ட் ஓனர் யாருங்க? நான் சர்வேயர்.

— வாங்க சார், வாங்க. நான்தான் ஓனர். யார்டுக்குள்ள வந்து உக்காருங்க.

— அவர் யார்டுக்குள்ள எதுக்கு உக்காரணும்? விபத்து நடந்தது ரோட்டுல. பாருங்க சார், நல்லா பாருங்க, நாலு சக்கரமும் தார் மேல நிக்குது. நான் எதிர் மாடி. எனக்கென்ன வந்தது, ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல?

— நீங்க நேர்ல பாத்தீங்களாம்மா?

— அதுதான் சார் என் கெட்ட நேரம். எப்பவும் இந்த ஜன்னல்லதான் நிப்பேன், காத்து வரும்னு. அன்னிக்குன்னு பின்னாடி தெருவுக்கு யாரோ புதுசா குடி வந்தாங்க. ஒரு லாரி நிறைய சாமான். பீரோவுக்குக் கண்ணாடி ஒரு பக்கமா, ரெண்டு பக்கமான்னு பாத்துட்டு நிக்கறேன், முன்னாடி மடார்னு சத்தம். ஓடி வந்து பாத்தா இந்தக் கோலம்.

— தம்பி லீவரை மாத்தி இழுத்துட்டான் சார். மெஷினோட கை சாஞ்சுடுச்சு. அவனுக்கும் மணிக்கட்டுல அடி. கட்டு போடப் போயிருக்கான்.

— சரிங்க. இது சாஞ்சப்போ கை மேலே தூக்கியிருந்துச்சா, மடக்கியிருந்துச்சா?

— தூக்கித்தான் சார் இருந்துச்சு. ரெண்டாவது மாடி வரைக்கும்.

— ரோட்டுல ஓட்டிட்டுப் போகும்போது கையை மடக்கித்தான் வைப்பீங்க, இல்லையா?

— ஆமா சார். தூக்கிட்டு ஓட்ட முடியாது.

— அப்போ இது ரோட்டுல ஓடலை. நின்னுக்கிட்டு இருந்திருக்கு. கூம்பு வெச்சிருந்தீங்களா?

— அதோ சார், நாலும் இன்னும் அங்கேயே நிக்குது. எங்க தொழில் முறைன்னு இப்பத்தான் அக்காகிட்ட சொல்லிட்டு இருந்தேன்.

— நல்லது. ரோடு யாருக்குச் சொந்தம்ங்கறது எனக்கு வேண்டாம். பயணத்துல இருந்தா கவர் கிடையாது. நிறுத்தி, கூம்பு வெச்சு, வேலை செஞ்சுக்கிட்டு இருந்தா அது வேலையிடம். கவர் உண்டு.

— அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன்.

— நீங்க சொல்ல வந்தது சாக்கடை மூடி கதை முதலாளி.

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்கக்கா. கவர் உண்டுன்னு சார் வாயால சொல்லிட்டாரு.

— இன்னும் ஒண்ணே ஒண்ணு சொன்னா முடிஞ்சுதுங்க. என்ன வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு?

— வேலை... வேலைதான் சார். சாதாரண வேலை.

— என்ன வேலைன்னு கேட்டேன். பெயின்டா, வயரிங்கா, கண்ணாடி மாத்தறதா?

— அதை... இந்த அக்கா எதிர்ல எப்படி சார் சொல்றது?

— ஏன்? என் எதிர்ல சொன்னா என்ன? என்ன சார் இவர் இப்படி முழிக்கறாரு? வேலையும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் சொல்றேன் கேளுங்க. கூடை எங்க போய் நிக்குதுன்னு பாருங்க. நான் நிக்கற ஜன்னல் இது. அதுக்குப் பக்கத்துல, கூடை ஒட்டிக்கிட்டு நிக்குதே, அது எங்க பெரியவ ரூம்...

— சொல்லுங்கம்மா. ஏன் நிறுத்திட்டீங்க?

— ஒண்ணுமில்லை சார்.

— பெரியவங்கறது யாருங்க?

— என் பொண்ணு.

— விபத்து நடந்தப்போ ரூம்ல இருந்தாங்களா?

— இருந்தா... இருந்திருப்பா. கதவைச் சாத்திக்கிட்டு பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தா.

— அப்போ அவங்கதான் நேரடி சாட்சி. கொஞ்சம் கீழே கூப்பிடறீங்களா? கூடையில இருந்தவர் என்ன செஞ்சார்னு நாலு வார்த்தை கேட்டு எழுதிக்கறேன். நீங்க எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அந்தப் பக்கம் இருக்கறவங்களும்தான்.

— எதுக்கு சார் அவளை? இத்தனை பேர் வேடிக்கை பாக்கற இடத்துக்கு வயசுப் பொண்ணைக் கூப்பிட்டு... அதெல்லாம் வேண்டாம். நான்தான் வரச் சொன்னேன்.

— யாரை?

— இவர் தம்பியைத்தான். மெஷினைக் கொண்டு வந்து வேலை செய்யச் சொல்லி நான்தான் கூப்பிட்டேன். சன்ஷேடு ரிப்பேர்.

— எந்த சன்ஷேடுக்கா?

— நீங்க வாயை மூடுங்க முதலாளி. ஜன்னலுக்கு மேல இருக்கற சன்ஷேடு. மறந்துட்டாரு சார் அதிர்ச்சியில.

— நல்லாத்தானே தெரியுது? வெடிப்பு ஒண்ணும் காணோமே?

— கீழேர்ந்து பாத்தா எப்படி சார் தெரியும்? மேல் பக்கம் தண்ணி நிக்குது. கீழேர்ந்து தெரியாததாலதானே லிஃப்டைக் கூப்பிட்டோம்.

— ஆமா சார். தெரியாது. அக்கா பாத்தா சரியாத்தான் இருக்கும்.

— இவ்வளவு நேரம் ஏன்மா இதைச் சொல்லலை?

— நீங்க கேக்கலை. நான் உண்டு என் வேலை உண்டுன்னு இருக்கறவ சார். கேட்டாத்தான் பேசுவேன்.

— சரி, எழுதிக்கறேன். வேலைக்குக் கூப்பிட்டவங்க எதிர்வீட்டு அம்மா. வேலை, சன்ஷேடு பழுது. க்ளெய்ம் போகும்னுதான் நினைக்கறேன் ஓனர்.

— சார், உங்களை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

— என் பால்கனி கம்பி சார்?

— அது வராதும்மா. மெஷின் தெருவுல போற யாரோ ஒருத்தர் சொத்தை இடிச்சா பாலிசி குடுக்கும். வேலைக்குக் கூப்பிட்டவங்க வீடே அடிபட்டா குடுக்காது. செஞ்சுக்கிட்டிருந்த வேலையோட சேர்ந்ததா எடுத்துக்குவாங்க.

— என்ன சார் அநியாயம் இது? சும்மா வேடிக்கை பாத்திருந்தா கம்பி வந்திருக்குமா?

— வந்திருக்கலாம்மா. இப்ப நீங்க வேடிக்கை பாக்கறவங்க இல்லையே. இன்னொண்ணு, மெஷின் சரியானதும் அந்த வேலை முடியட்டும். முடிஞ்சதை நான் வந்து பாத்துட்டுத்தான் கோப்பை மூடுவேன். ஓனர், ரோடு கவரையும் எடுத்துடுங்க. எல்லா ஜன்னல்லயும் சன்ஷேடு இருக்காது.

*

— சம்பந்தி, போன் வந்துச்சா?

— வந்துச்சுக்கா. துறைமுகத்துல தம்பிக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சாம். இதைவிட மூணு மடங்கு பெரிய லிஃப்டாம். ரெண்டு ரூம் வீடும் பாத்துட்டாங்களாம்.

— எங்க பெரியவ எனக்கு நேத்தே சொல்லிட்டா. வீட்டுக்கு எதிர்ல சுவராம், ஒண்ணுமே தெரியாதாம், நிம்மதியா இருக்காம். என்ன பொண்ணோ. ஜன்னல்னா எதையாவது பாக்கறதுக்குத்தானே வெச்சிருக்காங்க.

— சின்னஞ்சிறுசுங்க. பழகிடும்.

— இருந்தாலும் அன்னிக்கு நான் மட்டும் சட்டுனு அந்த சன்ஷேடை எடுத்து விடலைன்னா என்ன ஆகியிருக்கும்? உங்க மெஷினும் போயிருக்கும், என் பொண்ணு பேரும் போயிருக்கும். அன்னிக்கு ராத்திரியே அவளைப் பிடிச்சு உக்கார வெச்சேன். 'அவன் எதுக்குடி உன் ஜன்னலுக்கு ஏறி வந்தான்'னு கேட்டா விழுந்து விழுந்து சிரிக்கறா. சொல்லவே மாட்டேன்னுட்டா. அந்தச் சிரிப்பு ஒண்ணு போதாதா? எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு.

— ம்.

— அப்புறம் அந்த சர்வேயருக்குக் காட்டணுமேன்னு இல்லாத ஓட்டையை அடைக்க உங்க தம்பி வந்தான் பாருங்க. கூம்பு வெப்பான், ஏறுவான், சிமென்ட் பத்தலைன்னு இறங்குவான், மறுபடி ஏறுவான். ஒரு சன்ஷேடுக்கு ஒரு மாசம். கோட்டையைக்கூட அதுக்குள்ள கட்டியிருக்கலாம். இவ ஜன்னல் வழியா தண்ணி குடுக்கறதும், கரண்டி எடுத்துக் குடுக்கறதும். சரி, இனிமே மூடி வெச்சு என்ன பிரயோஜனம்னு நானேதான் உங்க வாசல்ல வந்து நின்னேன். பொண்ணு வீட்டுக்காரி, வெக்கத்தை விட்டு.

— நீங்க வந்ததும் எனக்கு ஒண்ணுமே ஓடலைக்கா. தம்பியைக் கேட்டேன். அவன் சரின்னுட்டான். அதுக்கு மேல நான் எதையும் கிளறலை.

— கிளற என்ன இருக்கு? முதல்லேர்ந்தே நடந்துக்கிட்டு இருந்தது. என் கண்ணுக்கே தப்பிப் போச்சேங்கறதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறலை. ஊர் விஷயமெல்லாம் தெரியும், என் ஜன்னலுக்குப் பக்கத்து ஜன்னல் தெரியலை. அது கிடக்கட்டும் சம்பந்தி. காலையிலேர்ந்து வெல்டிங் சத்தம். உங்க காம்பவுண்டு சுவர் மேல அது என்ன தகரம்? இவ்வளவு உயரத்துக்கு?

— ஒண்ணுமில்லைக்கா. ரொம்ப நாளா தள்ளிப் போன வேலை.

— வெயிலுக்கா? மழைக்கா? திருட்டு பயமா? எனக்கென்ன வந்தது, சும்மா கேக்கறேன். யார்டுல என்ன நடக்குதுன்னு இனிமே ஒண்ணுமே தெரியாது போலிருக்கே.

— கேக்காம இருந்தா நல்லதுக்கா.

— நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு? பொண்ணு குடுத்து சம்பந்தம் பண்ணியிருக்கோம். சொல்லுங்க.

— சுருக்கமா சொல்றேன். கோவிச்சுக்காதீங்க. அன்னிக்குத் தம்பி உங்க பொண்ணைப் பாக்க ஏறலை. உங்க ஜன்னல்லேர்ந்து எங்க யார்டு எது வரைக்கும் தெரியுது, தகரம் எவ்வளவு உயரத்துக்கு அடிச்சா நீங்க மறைவீங்கன்னு பாத்துட்டு வாடான்னு நான்தான் அளக்கற டேப்பைக் குடுத்து அனுப்பினேன்.