கடைசி எபிசோடும் கடைச் சாவியும்

சென்ற வாரம் வெள்ளிக்கிழமை, ஒரு தொலைக்காட்சித் தொடரின் முடிவு சரியில்லை என்பதற்காகக் கூட்டாளியோடு சண்டை போட்டு, வியாபார நேரத்தில் கடையை இழுத்துப் பூட்டியவன் நான். நடந்தது இதுதான். பஜாரில் உலவும் மற்ற காரணங்கள் எல்லாம் கற்பனை. உண்மை அவற்றைவிடக் கேவலமானது.

குற்றத்தை முன்வைத்தவன் இப்போது வணக்கத்தை வைக்கிறேன். வாக்குவாதம் எங்கே எழுந்தாலும் அங்கே வந்து நின்று வழி சொல்லும் வணிகர் சங்கத் தலைவர் வெங்கடராகவன் அவர்களே, தராசைத் தாழவிடாத தகைசால் பெரியோர்களே, தவணை தவறாத தங்கங்களே, எட்டரை மணித் தொடருக்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்ற கவலையை முகத்தில் காட்டாமல் கைக்கடிகாரத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த ராமதாஸின் பணிவான வணக்கம்.

நான் யார்? சைக்கிள் கேரியரில் ஆன்டெனாக் குழாயைக் கட்டிக்கொண்டு, படாளம் முதல் மாமல்லபுரம் வரை மாடி மாடியாக ஏறியவன். நான் மேலே நின்று, “தெரியுதா?” என்பேன். கீழே பெட்டிக்கு முன்னால் இருந்து என் கூட்டாளி தேவசகாயம், “புள்ளி புள்ளியா கீது, இன்னும் கொஞ்சம் திருப்பு” என்பார். அவர் பார்த்தது படம். நான் பார்த்தது காக்கை. அப்படித் திருப்பித் திருப்பித்தான் எங்கள் வாழ்க்கை திரும்பியது. கடை வந்தது, கேபிள் வந்தது, தொடர் வந்தது, தொடரோடு கண்ணீர் வந்தது, கண்ணீரோடு கலர் டிவி வியாபாரம் வந்தது.

தொடர் பார்த்து அழுத தாய்மார்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். “பெட்டி விற்பவன் நான், பெட்டிக்குள் விழுகிறவன் அல்ல” என்று இதே மேடையில் முழங்கியிருக்கிறேன். கைதட்டினீர்கள். பிறகு ஒரு நாள், ஒரு பெட்டியில் சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன். நான்கு வருடம் கழித்து எழுந்தேன்.

பின்வரிசையிலிருந்து என்ன சொல்கிறீர்கள், கருப்பன்? “அண்ணாத்த, கதைய சொல்லு.” சொல்கிறேன். தறிப் பட்டறை வைத்திருக்கும் ஒரு விதவை. அவளைத் தெருவில் தள்ளிப் பட்டறையைப் பிடுங்கிக்கொள்ளும் கொழுந்தன். நான்கு வருடம் போராடி அவள் அதை மீட்கிறாள். கடைசி நாள். கொழுந்தன் காலில் விழுகிறான். அவள் இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் கொடுக்கிறாள். சுபம்.

சபையோரே, இது முடிவா? அழுவதற்கு ஆயிரம் நாள் கொடுத்தவர்கள் மன்னிப்பதற்கு ஐந்து நிமிடம்தானா கொடுப்பார்கள்? நடுவில் வந்த ஷாம்பு விளம்பரம் அதைவிட நீளமாயிற்றே. நான்கு வருடம் கட்டிய தவணைக்குக் கடைசியில் காலி அட்டைப்பெட்டியா?

இதைத்தான் அன்று கடையிலும் கேட்டேன். அப்போது கடையில் இருந்தவர் பர்வதம் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மகள் மீராவுக்குத் திருமணம். சந்தனம் குங்குமம் வைத்த சீர்சாமான்கள் ஏற்றத் தயாராக இருந்தன. “முடிவை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றிவிடுகிறோம் டீச்சர்” என்று அவரை உட்கார வைத்தவன் நான்.

“சாவிய எப்டிப்பா குடுக்கலாம்?” என்றேன்.

“குடுத்தா இன்னா தப்பு?” என்றார் தேவசகாயம். “தப்பு பண்ணவன் வந்து நின்னா தெருவுலயே நிக்க வெப்பியா?”

“நானா இருந்தா பூட்டினு போய்க்கினே இருப்பேன்.”

“போயேன். யாரு வாணான்னா?”

போனேன். டீச்சர் வாசலில் நிற்க, சாமான் உள்ளே நிற்க, ஷட்டரை இறக்கிவிட்டுப் போனேன்.

கூட்டு வியாபாரக் கடையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஷட்டருக்கு இரண்டு பூட்டு. இடது பூட்டு என்னுடையது, வலது பூட்டு தேவசகாயத்துடையது. அவரவர் சாவி அவரவர் இடுப்பில். அன்று அவரும் தன் பூட்டைப் போட்டுவிட்டு மாமல்லபுரம் பஸ் ஏறிவிட்டார். கடையை மூட ஒருவன் கோபம் போதும். திறக்க இரண்டு பேர் வேண்டும்.

சனிக்கிழமை காலை. ஷட்டருக்கு முன்னால் நான், எனக்கு முன்னால் பர்வதம் டீச்சர்.

“நீங்க ரெண்டு பேரும் எத்தனை வருஷம் வேணும்னாலும் பேசாம இருங்கோ” என்றார். “என் பொண்ணோட ஃபிரிட்ஜை வெளியில வெச்சுட்டு அப்புறம் பேசாம இருங்கோ.”

பூட்டை உடைத்திருக்கலாமே என்கிறீர்களா? பூட்டு ரிப்பேர்க்காரரைக் கூட்டி வந்தேன். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். “இது அவரு பூட்டாச்சே. அவரு வந்து நிக்கட்டும், தொடறேன்” என்று பையை மூடிக்கொண்டார். கூட்டாளியின் பூட்டு மேல் பஜாருக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை.

வேனை எடுத்தேன். வழியெல்லாம் வசனம் தயாரித்தேன். திருக்கழுக்குன்றம் வரும்வரை அதில் அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் இருவரும் கேட்டோம். மாமல்லபுரத்தில் உளிச்சத்தம் கேட்கத் தொடங்கியபோது நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? சீர் இல்லாமல் மணமேடை ஏறும் அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது? அவர் இல்லாத கடையில் யாரைப் பார்த்து, “தெரியுதா?” என்று கேட்பது?

கதவைத் திறந்தவர் அவர் மனைவி மார்கரெட். “வாண்ணா, உள்ளதான் கீறாரு. நாஸ்தா ஆச்சா?”

தேவசகாயம் இட்லித் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “டீச்சரம்மா சாமான் போச்சா?”

“எப்டி போவும்? சாவி உங்கிட்ட கீதே.”

“இரு, செருப்ப மாட்டிக்கினு வரேன்.”

நான் வசனத்தை எடுத்தேன். “தேவசகாயம், அன்னிக்கு நான்...”

“வண்டில சொல்லு. டீச்சரம்மா நின்னுனு இருப்பாங்க.”

அவ்வளவுதான். அழுகை இல்லை, இசை இல்லை, ஒருவர் முகத்தை மூன்று முறை காட்டவில்லை. ஒரு மனிதர் செருப்பு மாட்டிக்கொள்ளும் நேரம். தொடரை எழுதிய பெருமக்களே, எங்கிருந்தாலும் கேளுங்கள்: நீங்கள் கொடுத்த ஐந்து நிமிடம் குறைவு என்று கூவியவன் நான். ஐந்து நிமிடம் அதிகம். மன்னிக்கத் தெரிந்தவருக்கு அது அதிகம், மன்னிக்கத் தெரியாதவனுக்கு ஆயிரம் எபிசோடும் குறைவு. உங்கள் கதையில் ஓட்டை இல்லை. உட்கார்ந்து பார்த்தவன் மண்டையில் இருந்தது ஓட்டை.

வேனில் தேவசகாயம், “யோசிச்சிப் பாத்தேன், நீ சொன்னதும் கரெக்ட்டுதான், கொஞ்சம் அவசரமாத்தான் முடிச்சிட்டான்” என்றார். “அதெல்லாம் இல்லை, சரியான முடிவு” என்றேன் நான். மறுபடியும் சத்தம் ஏறிவிட்டது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் கதவைப் பூட்டிக்கொண்டு போக முடியவில்லை.

மீரா இப்போது நாவலூரில் புதுக்குடித்தனம். ஃபிரிட்ஜ் நன்றாகக் குளிர்கிறது என்று முன்வரிசையிலிருந்து டீச்சர் தலையசைக்கிறார். நன்றி டீச்சர். பொறுமை காத்த தலைவருக்கு நன்றி, பூட்டைத் தொடாத கைக்கு நன்றி, எட்டு மணி அடித்தும் எழுந்து போகாத தாய்மார்களுக்கு இரட்டை நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் புதிய ஒப்பந்தத்தைச் சபை அறியச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். தொடர் ஓடும் எட்டரையிலிருந்து ஒன்பது வரை கல்லாவில் தேவசகாயம், நான் கிடங்கில். முடிவுகளைப் பற்றிய சண்டை எதிர் டீக்கடையில் மட்டும். ஷட்டருக்கு இனி ஒரே பூட்டு, சாவி இரண்டு.