வாளியில் ஊறியது

— அந்தப் பக்கம் போகாதீங்க.

— ஏன்? பாத்ரூமுக்குப் போக உங்கிட்ட சீட்டு வாங்கணுமா?

— கொஞ்சம் பொறுங்க... வாளியில ஒண்ணு ஊறுது.

— துணிதானே? தள்ளி வச்சுக்கறேன்.

— துணி இல்ல.

— என்ன புளிச்ச வாடை? மூக்கைத் துளைக்குது.

— வினிகர். குழாய்ல கறை...

— ஒரு கறைக்கு ஒரு வாளி வினிகரா? கடையையே காலி பண்ணிட்டியா?

— நீங்க எங்க போயிட்டு வர்றீங்க? முகம் தொங்கிக் கிடக்கு.

— பேச்சை மாத்தாதே.

— நீங்களும்தான் மாத்தறீங்க.

— பழைய இரும்புக்கடைக்குப் போனேன்.

— எதுக்கு?

— சும்மா.

— சும்மா யாராவது இரும்புக்கடைக்குப் போவாங்களா?

— சரி, என் உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம் இன்னும் அங்க கிடக்குதான்னு பாக்கப் போனேன். போதுமா?

— நீங்கதானே எடைக்குப் போடச் சொன்னீங்க? இனி இந்தப் பெட்டி என் கண்ணுல படக் கூடாதுன்னு...

— சொன்னேன். மெஷின்ல கை மாட்டி ரெண்டு விரல் போன வேதனையில சொன்னேன். அதுக்காக உடனே தூக்கிப் போடணுமா?

— கடைக்காரர் என்ன சொன்னார்?

— அப்படி ஒரு பெட்டி வரவே இல்லைன்னு சாதிக்கறான். உருக்கித் தின்னுருப்பான், பாவி.

— அவரைத் திட்டாதீங்க.

— ஏன், அவன் உங்க அண்ணனா?

— அவர் சொன்னது நிஜம்... நான் போடவே இல்ல.

— போடலையா? நிஜமாவா?

— சிரிக்கறீங்களா, அழறீங்களா? ஏதாவது ஒண்ணைச் செய்ங்க.

— எங்க வச்சிருந்தே?

— மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னால. அங்க நீங்க ஏற மாட்டீங்கன்னு. தொட்டி கசியும்னு இந்த மூளைக்கு எட்டல. திறந்து பாத்தா எல்லாம் துருவேறி செங்கல் நிறம்.

— தள்ளு... அட, என் அரை இஞ்ச் உளி. கைப்பிடி நனையாம நிக்க வச்சிருக்கியே?

— இரும்பு மட்டும்தான் ஊறணும். மரம் நனைஞ்சா உப்பிடும். இத்தனை வருஷம் உங்களோட குப்பை கொட்டிட்டு இதுகூடத் தெரியாதா?

— இதென்ன, பாதி உருளைக்கிழங்கு?

— ரம்பத்துக்கு. அது வாளியில அடங்கல. உப்பைத் தொட்டுத் தேய்ச்சா துரு விடுது.

— அந்த பிரஷ்... அது என் பல் தேய்க்கற பிரஷ்தானே?

— அது பழசு.

— காலைல அதுலதான் தேய்ச்சேன்.

— அப்ப மத்தியானம் பழசாயிடுச்சு.

— சரி சரி. வெளிய எடுத்து அப்படியே விட்டுடாதே. மறுபடி பிடிச்சுக்கும்.

— சோடா மாவுத் தண்ணியில கழுவி, ஈரம் இல்லாமத் துடைச்சு, தையல் மெஷின் எண்ணெய் பூசறேன். இழைப்புளி அலகு முடிஞ்சுது, ஜன்னல்ல இருக்கு. முகம் பாருங்க, தெரியும்.

— தெரியுது... அப்பாடா. நான் உங்கிட்ட ஒண்ணு...

— சொல்லுங்க.

— ஒண்ணுமில்ல. ஆமா, இத்தனை நாள் ஒளிச்சு வச்சவ இப்ப ஏன் எடுத்தே? எனக்கு மறுபடி இது வேணும்னு உனக்கு யார் சொன்னா?

— யாரும் சொல்லல. காத்தாட நடந்துட்டு வர்றேன்னு தினமும் கிளம்பிப் போறீங்க. துவைக்கறதுக்கு முன்னால சட்டைப் பையைத் தட்டுவேன். முதல்ல பொடிப் பொடியா மரத்தூள் விழுந்துச்சு. அப்புறம் துண்டு துண்டா இழைச்ச மரச்சீவல். யாரோட பட்டறையிலயோ கை பழகறீங்கன்னு புரிஞ்சுது. முந்தாநாள் முழுசா ஒரு சுருள்... முழ நீளம், எங்கயும் அறுபடல. கை பழையபடி திரும்பினாத்தானே அப்படி வரும்? அதை மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, நேரா வினிகர் வாங்கப் போயிட்டேன்.